அவித்த ஸ்வெட்டரில் ஒரு குதிரை

பொன்னமராவதிப் பக்கத்தில் எங்கள் ஊரில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஜாக்கெட் தைப்பார்கள், சுடிதார் தைப்பார்கள், கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் பழைய ஸ்வெட்டரை வெட்டி உருப்படியாக ஒன்றைத் தைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, என்ன இப்போது? நான் எவரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. போனில் பார்த்தும் செய்யவில்லை. ஒரு பெரிய சண்டைக்கு நடுவில், கையில் இருந்த கத்திரிக்கோல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மார்கழி மாதத்தில்கூட எங்கள் ஆட்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதற்கு மேல் குளிருக்கு நாங்கள் மரியாதை கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். சர்வீஸ் முடித்து வரும்போது மற்றவர்கள் மிக்ஸியும் ரேடியோவும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்வெட்டர் கொண்டுவந்து இறக்கினார்! பெட்டியைத் திறந்து பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பட்டாளத்தில் கொடுத்தவை. ஒன்று மட்டும் காப்பிக்கொட்டை நிறம். அது ஏதோ ஒரு மலையூர்க் கடைவீதியில் அவர் தன் காசில் வாங்கியது. பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பெட்டியைத் திறப்பார். பூந்திக்கொட்டையை ஊற வைத்து, பச்சைத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்து, பிழியாமல் அமுக்கி, கயிற்றுக் கட்டிலில் விரித்துக் காயவைப்பார். நான் உதவிக்குப் போனால், "நீ தொடாத. ஒனக்குப் பக்குவம் தெரியாது" என்பார். கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் என் கைக்குப் பக்குவம் தெரியாதாம். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷமும் அப்படித்தான், ஒரு காலையில் ஸ்வெட்டர்களைத் துவைப்பதற்கு முன்னால் கட்டிலில் குவித்து வைத்துவிட்டு, மோட்டாரைப் பார்க்க வயலுக்குப் போயிருந்தார். நான் லைனிங் துணி வாங்கப் பொன்னமராவதிக்குப் பஸ் ஏறிவிட்டேன். போகும் முன் கொல்லையில் விறகடுப்பைப் பற்றவைத்து, அழுக்கு வேட்டிகளைச் சோடா போட்டு அண்டாவில் அவிய விட்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் இல்லாத நேரத்தில் என் நாத்தனார் வந்துவிட்டாள்.

அவருக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். தங்கச்சி. குடுமியான்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், போகாத கோயிலெல்லாம் போய், கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஓடவும் பேசவும் தொடங்கியிருந்த அந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்துவிட்டு, முதல் சேதியை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறாள். வந்தவள் சும்மா உட்காரக் கூடாதா? அவளுக்கு அது வராது. விருந்துக்குப் போன வீட்டிலும் பாத்திரத்தை இழுத்துப் போட்டுக் கழுவுகிறவள். கட்டிலில் துணி குவிந்து கிடக்கிறது, அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. நம் ஊரில் துவைப்பது என்றால் என்ன? கொதிக்க அவித்து, சோப்புப் போட்டு, கல்லில் நாலு சாத்துச் சாத்துவதுதானே. வேட்டியை எடுத்துவிட்டு ஸ்வெட்டர் அத்தனையையும் அண்டாவுக்குள் தள்ளிவிட்டாள்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் உடுப்பை எங்கள் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்த் தொட்டேன். அட்டையைத் தொட்டது மாதிரி இருந்தது.

"அண்ணி, ஒரே பூச்சி உருண்டை நாத்தம். அதான் நல்லா அவிச்சு அலசிப் போட்டேன்" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெருமையாக நின்றாள். பிறகு கொடியைப் பார்த்து, "ஆனா ஏன் அண்ணி எல்லாம் இம்புட்டூண்டா போச்சு?" என்றாள். அவள் முகம் அப்போதுதான் மாறத் தொடங்கியது.

அவர் வந்தார். கொடியில் கிடந்த காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். அது நெஞ்சுக்குழியைத் தாண்டவில்லை. கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கூடக் கத்தி, அவளும் அழுது, சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். அவர் கத்தவில்லை. அதை மடித்தார், பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"காதுகுத்துக்கு நான் வரல. பிள்ளைய மடியில வைக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

இந்த வார்த்தையின் கனம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் சீர்த்தட்டோடு வர வேண்டும், அவன் எடுத்த புதுத்துணியைத்தான் குழந்தை உடுத்த வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாதவள் பெரியப்பா மகனையோ சித்தப்பா மகனையோ உட்கார வைப்பாள், அது வேறு. அண்ணன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் குழந்தையை வைத்தால்? சாகிறவரைக்கும் புகுந்த வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள், மடியை இரவல் வாங்கினவள் என்று. அதுவும் பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று ஏற்கெனவே எல்லாப் பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அவளுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மிச்ச ஸ்வெட்டர்கள் மூலையில் கிடந்தன. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கரித்துணிக்காவது ஆகும் என்று சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, இருந்த எரிச்சலில் கத்திரிக்கோலைக் குறுக்கே விட்டேன். விட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். தையல்காரிகளுக்கு நான் சொல்வது புரியும். பின்னல் துணியை வெட்டினால் ஓரம் ஓடும். ஒரு கண்ணி விட்டால் அடுத்தது விடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் பிரிந்து கையில் நூலாக வந்துவிடும். இது ஓடவில்லை. இழுத்துப் பார்த்தேன், கசக்கிப் பார்த்தேன். ம்ஹூம். சுடுதண்ணியிலும் கல்லடியிலும் கம்பளி அப்படியே ஒன்றுக்குள் ஒன்று இறுகி, தடித்த கம்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஓரம் அடிக்க வேண்டாம், மடித்துத் தைக்க வேண்டாம். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு துணியை நான் தொட்டதில்லை. அடி ஆத்தீ, நாத்தனார் வேட்டு வைத்தாள் என்று நினைத்தால் ஒரு புதையலை அல்லவா அவித்து வைத்திருக்கிறாள்!

முதலில் கைக்கு வந்தது அவர் வயலுக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டில். அதை வைத்து அளவெடுத்து, ஸ்வெட்டர் கையை வெட்டி, அடியில் வட்டமாக ஒரு துண்டு கொடுத்து, தோளில் மாட்ட ஒரு வாரும் வைத்து உறை தைத்தேன். நல்லா நனைத்து, பாட்டிலை உள்ளே விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சோற்றுத் தூக்கோடு வைத்துவிட்டேன். அவர் மதியம் வந்தார். தூக்கையும் பாட்டிலையும் திண்ணையில் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். சரி, கிணற்றில் போட்ட கல்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், தொட்டியடியில் குத்தவைத்து அந்த உறையை அவரே தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"பட்டாளத்துலயும் பாட்டிலுக்கு இந்த மாதிரி உறைதான். நனைச்சுத் தொங்கவிட்டா தண்ணி ஜில்லுன்னு கெடக்கும்" என்றார். சண்டை வந்த பிறகு வேலை விஷயம் தவிர அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. குளிருக்குப் பிறந்த துணி எங்கள் ஊர் வெயிலில் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது!

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? வெயிலில் நின்ற மொபெட்டின் சீட்டில் உட்கார்ந்தால் பொசுக்குமே, அதற்கு ஒரு மெத்தை தைத்தேன். டிபன் கேரியருக்கு உறை தைத்தேன், மதியம் திறந்தாலும் சோறு சுடச்சுட இருந்தது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு டீ கேனுக்கு ஒன்று கேட்டார். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் பாட்டில் உறை கேட்டு வரிசையாக வந்தார்கள். வெளிநாட்டுக்குப் போய்வந்த பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டர்கள் எந்தெந்தப் பீரோவில் தூங்கின என்று அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. "எக்கா, இதையும் அவிச்சுக் குடுங்க" என்று கொண்டுவந்து போட்டார்கள். சிலது சுருங்கும், சிலது என்ன அவித்தாலும் சுருங்காது. கலப்பு நூல் என்றால் சுருங்காது என்று நானே கண்டுபிடித்தேன். துணியைத் தொட்ட உடனே சொல்லிவிடுவேன் இப்போது.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தத் தையலு கோணலா இருக்கு பாரு" என்பார். "ஏன், பட்டாளத்துல தையலும் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?" என்பேன். சிரிப்பார். ஆனால் தங்கச்சி பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பெட்டியின் பூட்டு அப்படியே தொங்கியது.

காதுகுத்து நெருங்கியது. நாத்தனாரும் அவள் புருஷனும் குழந்தையோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டினால் வாங்க ஆள் இல்லை. அவர்கள் வருவதைப் பார்த்ததும் இவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு அவர் பெயரைத்தான் அச்சடித்திருந்தாள். வரமாட்டேன் என்று சொன்ன ஆளின் பெயரைப் போட்டுவிட்டு, அண்ணன் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறாள். அவள் புருஷன் நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "வரலேன்னா என்ன செய்யிறதுன்னு எங்க வீட்டுல கேக்குறாங்க. என் சித்தப்பா மருமகன் ஒருத்தர் இருக்காரு, அவரச் சொல்லி வைக்கவான்னு..." என்று இழுத்தார். நாத்தனார் சட்டென்று, "எங்க அண்ணன் வரும்" என்றாள்.

இதற்குள் குழந்தை கொல்லைக்கு ஓடிவிட்டது. எட்டிப் பார்த்தேன். மாமன் தோளில் தொங்கிய பாட்டில் உறையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. "மெத்துனு இருக்கு மாமா" என்றது. இவர் அதைத் தூக்கிக்கொண்டார். குழந்தையோடு என்ன சண்டை? பாட்டில் உறையைக் கழற்றிக் குழந்தை கையிலேயே கொடுத்துவிட்டார். ஆனால் முன்பக்கம் மட்டும் வரவில்லை. அவர்கள் தட்டை என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கொல்லைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, சுடுதண்ணில போட்டா சுருங்கும்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்? இந்த ஊர்ல எந்த மகராசன் ஸ்வெட்டர் போட்டான்? நானா இருந்தாலும் அவிச்சுத்தான் இருப்பேன். ஒரு பழைய துணிக்காகக் கூடப் பிறந்தவள நடுத்தெருவுல நிறுத்துவீங்களா?"

"பழைய துணியா அது?" என்றார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அப்பா செத்த சேதி வந்தப்ப அதத்தான் போட்டிருந்தேன். பனி விழுந்து பாதையெல்லாம் மூடிக் கெடக்கு. அங்கிட்டு இருந்து ஒரு வண்டி கெளம்பல. கொள்ளி வைக்கக்கூட வர முடியல. யாருகிட்டயும் காட்டிக்க முடியாம, அந்த ஸ்வெட்டர மூஞ்சிக்கு மேல இழுத்துவிட்டுக்கிட்டு உள்ளுக்குள்ளயே அழுதேன். எனக்கு அப்பா செத்தது அதுக்குள்ளதான் இருந்துச்சு. அதப் போயி இவ அவிச்சுட்டா."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம், இதை அவர் சொன்னதில்லை. மாமனார் செத்த அன்றைக்கு இங்கே நான்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பக்கத்து அழுகை மட்டும்தான். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் என் வாய் என்றைக்கு மனம் சொல்வதைக் கேட்டது?

"அன்னைக்கு அவளும்தாங்க அழுதா. அண்ணன் வருது, அண்ணன் வருதுன்னு வாசல பாத்துப் பாத்து அழுதா. எடுக்குற நேரம் வந்தும் பொணத்த எடுக்க விடல. ஒங்களுக்கு மூஞ்சிய மூட ஒரு ஸ்வெட்டராவது இருந்துச்சு. அவளுக்கு என்ன இருந்துச்சு?"

சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. தோன்றினாலும், சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் காலையில் மெஷின் உறையை நீக்கப் போனால், பத்திரிகைத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. அவர் வாசலில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்கு எதாச்சும் செஞ்சு வையி. சீர்த்தட்டுல வைக்கணும்" என்றார். திரும்பிப் பார்க்காமல் வயலுக்கு நடந்தார்.

என்ன செய்வது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. நாத்தனார் ஊர் ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அந்தக் குழந்தை எப்போது போனாலும் அதில் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கும், ஏறக் கூடாது என்று இவர்கள் இழுத்துக்கொண்டு வருவார்கள். சரிடி கண்ணு, உனக்கு ஒரு குதிரை தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

அந்த ஸ்வெட்டரில் கத்திரிக்கோலை வைக்கும்போது மட்டும் எனக்குக் கை வரவில்லை. சாமியை நினைத்துக்கொண்டு வெட்டினேன். கையிரண்டையும் நாலு காலாக்கினேன். மார்புப் பகுதியில் உடம்பு, கழுத்துப் பட்டையை மடித்துக் காது. உள்ளே இலவம்பஞ்சு. பச்சை ஸ்வெட்டரை மெல்லிசாக நறுக்கிப் பிடரிமயிர். கண்ணுக்கு அவருடைய பழைய சட்டைப் பொத்தான். கறுப்பு நூலில் சேணம் போட்டு, கழுத்துக்கு ஒரு மணி கட்டினேன். முதலில் தைத்த கால் நொண்டியாக வந்தது, பிரித்துத் தைத்தேன். நிறுத்திப் பார்த்தேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஐயனாருக்கே காவல் நிற்கிற மாதிரி நின்றது. நான் தைத்ததிலேயே அதுதான் உசத்தி. அதற்குப் பிறகும் அப்படி ஒன்று எனக்கு அமையவில்லை.

காதுகுத்து அன்றைக்கு அந்த ஐயனார் கோயிலுக்கு மேளத்தோடு சீர் எடுத்துப் போனோம். என் தலையில் குதிரைத் தட்டு. அவர் பட்டாளத்து நடையில் முன்னால் நடந்தார், வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. என் புருஷனைப் பார்க்க எனக்கே அத்தனை பெருமையாக இருந்தது. நாத்தனார் கோயில் வாசலில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தலை தெரிந்ததும் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

தட்டுகளை இறக்கி வைத்தோம். அவள் புகுந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தி குனிந்து பார்த்து, "என்னத்தா இது, கழுதையா?" என்றாள்.

"குதிரைங்க. பட்டாளத்துக் குதிரை. கண்ணாடி போட்டுட்டு வந்து பாருங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாமன் எடுத்த பட்டுப்பாவாடையை உடுத்தி, மறுபடியும் அதே மடி. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. இவர் குதிரையை எடுத்து அதன் கையில் கொடுத்தார். ஒரு காதில் குத்தும்போது குதிரையின் கழுத்தை நெரித்துக்கொண்டு கத்தியது. மறு காதில் குத்தும்போது முகத்தைக் குதிரையின் வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டது. அழுகை உள்ளேயே அமுங்கிக் கேட்டது. அவர் முகம் கோணியதை நான் பார்த்தேன்.

நாத்தனார் குழந்தையின் கண்ணைத் துடைக்கக் குனிந்தாள். அவள் கை குதிரையின் மேல் பட்டது. அந்த நிறத்தை அவள் மறப்பாளா?

"அண்ணே, இது..."

"ஆமா. அப்பா போன அன்னைக்கு நான் போட்டிருந்தது" என்றார்.

அவளுக்கு அதுவரைக்கும் அது தெரியாது. ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டு அண்ணன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவர் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தங்கச்சி தலையில் வைத்தார்.

"அழுவாத புள்ள. நல்லாத்தான் அவிச்சிருக்க. எம்புட்டு வெட்டியும் ஒரு நூலு பிரியல, பாரு."